'மீ' என்று எழுதினால் மரியாதைக் குறைவா?

கேள்வி: ஐயா, எனக்கு வீரவநல்லூர். பி.காம். முடித்துவிட்டு, பத்தமடைப் பாய்களை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பும் ஒரு கடையில் மெயில் எழுதும் வேலையில் இருக்கிறேன். போன வாரம் ஒரு மெயிலின் கடைசியில், 'ஃபார் எனி டீடெய்ல்ஸ், ப்ளீஸ் காண்டாக்ட் தி ப்ரொப்ரைட்டர் ஆர் மீ' என்று எழுதினேன். முதலாளி அண்ணாச்சி அந்த 'மீ'யைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, "இது என்ன, ஆடு கத்துன மாதிரி இருக்கு? மைசெல்ஃப்னு போடு, மரியாதையா இருக்கும்" என்றார். கூட வேலை பார்க்கும் அக்கா, 'ஆர் ஐ' என்பதுதான் இலக்கணம் என்கிறார். இதற்கிடையில் கல்யாணப் பாய் கேட்ட ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர், 'எ மேட் ஃபார் மை வைஃப் அண்ட் மைசெல்ஃப்' என்று எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரரே எழுதினால் அதுதானே சரி? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு இன்டர்வியூவில் 'மைசெல்ஃப்' என்று பெயர் சொல்லி ஆரம்பித்தபோது எதிரே இருந்தவர் சிரித்தது இன்னும் உறுத்துகிறது. எங்கே 'மீ', எங்கே 'மைசெல்ஃப்'? பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் தம்பிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

– வாசகி, வீரவநல்லூர்

பதில்:

வணக்கம் அம்மா.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் எழுதிய 'மீ'தான் சரி. அண்ணாச்சியின் 'மைசெல்ஃப்' அந்த இடத்தில் ஒட்டாது. அக்கா சொல்லும் 'ஐ' அதைவிடத் தப்பு. அந்த வாடிக்கையாளர் எழுதியதற்கு ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

இன்டர்வியூவில் சிரித்தவரை நினைத்து மனசைப் போட்டு உழப்ப வேண்டாம். எனக்கும் அது நடந்திருக்கிறது. என் முதல் வாத்தியார் வேலைக்கான நேர்காணலுக்கு, அண்ணனுடைய ஷூவை மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதுவும் ஆங்கில வாத்தியார் வேலைக்கு! உள்ளே போனதும் 'மைசெல்ஃப்' என்று சொல்லிப் பெயரைச் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மைசெல்ஃப் வந்துட்டாரு. சரி, ஐ எங்கே?" என்று கேட்டார். கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. வேலையும் கிடைக்கவில்லை. அவர் கேட்டது கிண்டல் மட்டுமல்ல, பாடத்தின் பாதி என்று விளங்க எனக்கு ஒன்றிரண்டு வருஷம் ஆயிற்று. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பிறகும், இந்த விஷயத்தை அந்த ஒற்றைக் கேள்வியை வைத்துத்தான் ஆரம்பிக்கிறேன். 'மைசெல்ஃப்' வந்தால், அதே வாக்கியத்தில் அதற்கு முன்னால் 'ஐ' வந்திருக்கிறதா? இல்லையென்றால் பெரும்பாலும் அது தப்பான வீட்டுக்கு வந்த விருந்தாளி.

இதை நான் சரியாகப் பார்த்தது ஒரு சலூனில். காலையில் சீக்கிரம் போய்விட்டேன், கடையில் வேறு ஆள் இல்லை. கடைக்காரர் கண்ணாடி முன்னால் நின்று தன் தாடையில் சோப்பு நுரையைத் தடவி, தானே சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை ஆங்கிலத்தில் சொன்னால் 'ஹி ஷேவ்டு ஹிம்செல்ஃப்'. அப்புறம் பால்கார அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதே கை, அதே கத்தி, அதே நுரை. ஆனால் இப்போது 'ஹி ஷேவ்டு ஹிம்'. செய்கிறவர் ஒருவர், செய்யப்படுகிறவர் இன்னொருவர் என்றால் 'ஹிம்'. இரண்டும் ஒரே ஆள் என்றால் 'ஹிம்செல்ஃப்'. இதில் 'ஹிம்செல்ஃப்' கூடுதல் மரியாதை, 'ஹிம்' குறைச்சல் மரியாதை என்று ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லை. யாருடைய தாடை என்பதுதான் கேள்வி.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். 'ப்ளீஸ் காண்டாக்ட்' என்பதில் தொடர்புகொள்ளப் போவது யார்? வாடிக்கையாளர். யாரைத் தொடர்புகொள்வார்? அண்ணாச்சியை, இல்லையென்றால் உங்களை. செய்கிறவர் ஒருவர், செய்யப்படுகிறவர் வேறொருவர். பால்காரர் நாற்காலியில் உட்கார்ந்த கதைதான். ஆகவே 'மீ'.

சந்தேகம் வருவதற்குக் காரணம் அந்த 'ஆர்'. தனியாக இருந்தால் யாரும் 'ப்ளீஸ் காண்டாக்ட் மைசெல்ஃப்' என்று எழுத மாட்டோம், காதே ஒத்துக்கொள்ளாது. பக்கத்தில் இன்னொரு ஆளை உட்காரவைத்ததும் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. அதனால் அந்த இன்னொரு ஆளைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். 'ப்ளீஸ் காண்டாக்ட் மீ' சரியாக இருந்தால், அண்ணாச்சி திரும்பி உள்ளே வந்த பிறகும் அது 'மீ'தான். ஆள் கூடியதற்காகச் சொல் மாறாது.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. இங்கிலீஷ் மீடியப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. நம்முடைய வேற்றுமை உருபு. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'அண்ணாச்சியையோ என்னையோ தொடர்புகொள்ளுங்கள்.' 'அண்ணாச்சியையோ நானோ' என்று வாய் வருமா? வராது. 'நான்' வந்தால் 'ஐ', 'என்னை' வந்தால் 'மீ', 'நானே', 'என்னையே' என்று வந்தால் 'மைசெல்ஃப்' ஆக வாய்ப்பு உண்டு. அக்காவிடம் இதைச் சொல்லுங்கள், சண்டை தீர்ந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்த வழி காலை வாரும்: 'எனக்கு'. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பாய் வேண்டும்' எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் 'ஐ'தான் முன்னால் நிற்கும். பசியும் தெரிதலும் நமக்கு நேர்கிற காரியம் என்று தமிழ் பார்க்கிறது. ஆங்கிலத்துக்காரர் அதையும் தான் செய்கிற வேலையாக எடுத்துக்கொள்கிறார். அவர் பாடு.

அக்காவின் 'ஐ' எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. பிள்ளைகள் 'மீ அண்ட் மை பிரதர் வென்ட்' என்று எழுதும்போதெல்லாம் நாங்கள் சிவப்புப் பேனாவால் 'மீ'யை அடித்து 'ஐ' போடுவோம். போனவர் 'நானும் தம்பியும்' என்பதால் அங்கே 'ஐ'தான் சரி. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் அடித்துக்கொண்டே இருந்தால், 'மீ' என்றாலே அடி விழும் என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. வளர்ந்து வேலைக்குப் போன பிறகு 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதுகிறது. அது 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்றுதான் இருக்க வேண்டும். 'பிட்வீன்', 'ஃபார்', 'வித்' போன்ற முன்னிடைச்சொல்லுக்குப் (ப்ரெபொசிஷன்) பின்னால் 'ஐ' வராது. அப்படி 'மீ'யிடமும் பயம், 'ஐ'யிலும் சந்தேகம் என்று இரண்டுங்கெட்டானாக நிற்கும்போது கை தன்னால 'மைசெல்ஃப்'பைப் பிடிக்கிறது. எந்தப் பக்கமும் சாயாத நல்ல பிள்ளை மாதிரி அது தெரிகிறது, அவ்வளவுதான்.

உங்கள் வாடிக்கையாளரின் கதையும் இதேதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் பள்ளிக்கூடத்தில் 'மீ'க்கு அடி வாங்கியவர்கள்தான். பழைய நல்ல எழுத்தாளர்களே கூட 'என் மனைவியும் நானும்' என்கிற இடத்தில் 'மைசெல்ஃப்' போட்டிருக்கிறார்கள். 'பீப்பிள் லைக் யுவர்செல்ஃப்', 'அஸ் ஃபார் மைசெல்ஃப்' போன்றவற்றை இன்றைக்கும் பலர் தப்பென்று சொல்வதில்லை. ஆகையால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஆனால் 'ஃபார் மை வைஃப் அண்ட் மீ' என்று எழுதியிருந்தால் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. 'மைசெல்ஃப்'புக்குப் புருவத்தைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் எப்படி எழுதினாலும் சரி, விற்கிறவர் குறை சொல்ல முடியாதபடி எழுத வேண்டும் என்பது என் கட்சி.

இனி அண்ணாச்சிக்கு வருகிறேன். அவர் சொன்ன காரணத்தைத்தான் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். 'மைசெல்ஃப்' மரியாதையாக இருக்கும் என்று ஒரு பாய் வியாபாரிக்கு ஏன் தோன்றுகிறது? அவர் ஆங்கிலம் தெரியாமல் சொல்லவில்லை, தமிழ் நன்றாகத் தெரிந்ததால் சொல்கிறார் என்பது என் கணிப்பு. நாம் பெரியவருக்குக் கடிதம் எழுதும்போது எப்படி எழுதுகிறோம்? 'தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது', 'தங்கள் மேலான கவனத்துக்கு'. இந்தத் 'தாங்கள்' யார்? 'தான்' என்பதன் பன்மை. 'அவர்கள் தாங்கள் வருவதாகச் சொன்னார்கள்' என்பதில் வருகிற அதே ஆள். ஆங்கிலத்தில் 'தெம்செல்வ்ஸ்' பார்க்கிற வேலையைத் தமிழில் பார்க்கிற சொல்லைத்தான், நேரே எதிரில் இருப்பவரை மரியாதையாகக் கூப்பிட எடுத்துக்கொண்டிருக்கிறோம். 'நீ' மட்டம், 'நீங்கள்' பரவாயில்லை, 'தாங்கள்' உச்சம். இந்த ஏணியில் ஏறிப் பழகிய மனசு ஆங்கிலத்திலும் அதே ஏணியைத் தேடுகிறது. 'யூ' மொட்டையாக இருக்கிறதே, 'யுவர்செல்ஃப்' போடுவோம். 'மீ' சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறதே, 'மைசெல்ஃப்' போடுவோம். 'ஐ ஹேவ் சென்ட் தி பில் டு யுவர்செல்ஃப்' என்று ஆபீஸ்களில் எழுதுவதெல்லாம் தாங்களின் பேரப்பிள்ளைகள்தான்.

நம்மூரில் மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. அயர்லாந்தில் வீட்டுத் தலைவரையோ முதலாளியையோ வெறும் 'ஹிம்செல்ஃப்' என்றே குறிப்பிடுகிற பேச்சுவழக்கு உண்டு. 'இஸ் ஹிம்செல்ஃப் அட் ஹோம்?' என்றால் 'ஐயா வீட்டில் இருக்காரா?' என்று அர்த்தம். நம் ஆச்சிமார் பெயரைச் சொல்லாமல் 'அவுக' என்பார்களே, அதே தொனி. ஆனால் அது அயர்லாந்துப் பேச்சு. உங்கள் மெயிலில் அதற்கு இடம் கிடையாது.

பொதுவான ஆங்கிலத்தில் மரியாதை வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'ப்ளீஸ்', 'வுட் யூ', பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போன்ற இடங்களில். இன்னொன்று, வரிசை. மற்றவரை முதலில் சொல்லி, தன்னைக் கடைசியில் சொல்வது அங்கே மரியாதை. 'நானும் அண்ணாச்சியும் வந்தோம்' என்று தமிழில் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் அண்ணாச்சிதான் முன்னால் வர வேண்டும். நீங்கள் 'தி ப்ரொப்ரைட்டர் ஆர் மீ' என்று எழுதியதிலேயே அந்த மரியாதை முழுசாக இருக்கிறது. இதை அவரிடம் அப்படியே சொல்லலாம்.

தம்பிக்கு இங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் நம் 'தான்' அவனை ஏமாற்றும். இடையன்குடியில் இருந்த கால்டுவெல், 1856-ல் முதலில் வெளிவந்த தன் ஒப்பிலக்கணத்தில் இந்தத் 'தான்' பற்றித் தனியாகவே பேசியிருக்கிறார். அவ்வளவு பெரிய ஆள் இது. 'தான் நாளைக்கு வருவதாக அண்ணாச்சி சொன்னார்' என்பதைப் பையன்கள் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? 'ஹி செட் தட் ஹிம்செல்ஃப் வுட் கம் டுமாரோ.' தமிழில் 'தான்' வேலி தாண்டும். உள் வாக்கியத்தில் உட்கார்ந்துகொண்டு வெளி வாக்கியத்தில் இருக்கிற அண்ணாச்சியைக் கைகாட்டும். ஆங்கிலத்தின் 'ஹிம்செல்ஃப்' வேலி தாண்டாது. அதன் ஆள் அதே வேலிக்குள் இருக்க வேண்டும். அதனால் 'ஹி செட் தட் ஹி வுட் கம்' என்று சாதாரண 'ஹி' போட வேண்டியதுதான். இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு, சொல்லாமல் விட மாட்டேன். 'முருகன் டோல்டு கண்ணன் தட் ஹி ஹேட் வொன்' என்றால் ஜெயித்தது முருகனா கண்ணனா என்று ஆங்கிலத்தில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் 'தான் ஜெயித்துவிட்டதாக' என்றால் முருகன், 'அவன் ஜெயித்துவிட்டதாக' என்றால் கண்ணன். 'தன் வீட்டுக்கு', 'அவன் வீட்டுக்கு' என்பதிலும் இதே சுத்தம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹிஸ்'தான்.

கூடவே எடுத்துப்போகிற இடத்திலும் இதே வம்பு. 'அவள் குடையைத் தன்னோடு எடுத்துப் போனாள்.' செய்கிறவளும் 'தன்னோடு'வில் இருப்பவளும் ஒரே ஆள்தானே, 'வித் ஹெர்செல்ஃப்' போடலாமே என்று தோன்றும். போடக்கூடாது. 'ஷி டுக் ஆன் அம்ப்ரெல்லா வித் ஹெர்.' 'குளோஸ் தி டோர் பிஹைண்ட் யூ', 'ஹி லுக்டு அரவுண்ட் ஹிம்' எல்லாம் அப்படியே. ஆள் எங்கே, பொருள் எங்கே என்று இடம் மட்டும் சொல்கிற இடங்களில் 'செல்ஃப்' தேவைப்படுவதில்லை, கூட எடுத்துப் போகிற குடை வேறு யாரோடு போகும்? ஆனால் 'ஷி வாஸ் ப்ளீஸ்டு வித் ஹெர்செல்ஃப்' என்று வரும், ஏனென்றால் அங்கே 'வித்' இடத்தைச் சொல்லவில்லை, தன்மேல் தனக்கே திருப்தி என்கிறது.

அப்புறம் நம்முடைய 'கொள்'. தமிழில் எந்த வினையின் வாலிலும் வந்து தொத்திக்கொள்ளும் (பாருங்கள், இங்கேயே வந்துவிட்டது). உட்கார்ந்துகொள்ளுங்கள், போட்டுக்கொள்ளுங்கள், வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் 'கொள்' வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் 'செல்ஃப்' போட்டால் குட்டிச்சுவர். சலூனுக்குப் போய்விட்டு வந்து 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். வெட்டியது கடைக்காரர், ஆனால் தலை நம்முடையது என்பதால் 'கொள்' போட்டுவிட்டோம். அதையே 'ஐ கட் மை ஹேர்' என்றால், நீங்களே கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டதாகத்தான் கேட்கிறவர் நினைப்பார். 'ஐ ஹேட் மை ஹேர் கட்' என்று சொல்ல வேண்டும். அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டால் அது வேறு. அங்கே நிஜமாகவே 'ஐ கட் மைசெல்ஃப்'. விருந்தாளியிடம் அல்வாத் தட்டை நீட்டி 'எடுத்துக்கோங்க' என்பதற்கு 'ஹெல்ப் யுவர்செல்ஃப்'. ஆனால் 'உட்கார்ந்துகொள்ளுங்கள்' என்பதற்கு வெறும் 'ப்ளீஸ் சிட்'. கவனம் செலுத்துவது, ஓய்வெடுப்பது, குளிப்பது, உடுத்துவது எதற்கும் பொதுவாக 'செல்ஃப்' வேண்டாம். இதற்கு ஒரே விதி என்று எதையும் என்னால் தர முடியாது, ஒவ்வொரு வினையாகப் பார்த்துப் பழக வேண்டியதுதான்.

இதில் சிரிப்பு வருவது 'தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்' என்பதில். ஒரு மாணவன் கட்டுரையில், 'தி டூ ஃபார்மர்ஸ் வேர் டாக்கிங் டு தெம்செல்வ்ஸ்' என்று எழுதியிருந்தான். அதாவது இரண்டு விவசாயிகளும் ஆளுக்கொரு வரப்பில் உட்கார்ந்து தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள்! அவன் சொல்ல வந்தது 'டு ஈச் அதர்'. 'அமங் தெம்செல்வ்ஸ்' என்று எழுதியிருந்தாலும் தப்பித்திருப்பான்.

'யுவர்செல்ஃப்', 'யுவர்செல்வ்ஸ்' விஷயத்திலும் அண்ணாச்சி மாதிரி ஆட்கள் வழுக்குவார்கள். ஒருவரையே மரியாதைக்காக 'நீங்கள்' என்று பன்மையில் கூப்பிட்டுப் பழகியதால், ஒரு வாடிக்கையாளருக்கே 'யுவர்செல்வ்ஸ்' என்று எழுதிவிடுவார்கள். எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும் ஆள் ஒருவர் என்றால் 'யுவர்செல்ஃப்'தான். 'யூ' ஒருவருக்கும் பலருக்கும் ஒன்றாகிவிட்ட பிறகு, பொது ஆங்கிலத்தில் ஒருமையும் பன்மையும் பிரிந்து தெரிகிற இடம் இந்த வால் மட்டும்தான். 'மைசெல்ஃப்', 'யுவர்செல்ஃப்' என்று உடைமைச் சொல்லில் ஆரம்பித்துவிட்டு, ஆண்பாலுக்கு 'ஹிஸ்செல்ஃப்' என்று போகாமல் 'ஹிம்செல்ஃப்' என்று திரும்புவதையும் தம்பி கவனிக்கட்டும். 'தெயர்செல்வ்ஸ்' கிடையாது, 'தெம்செல்வ்ஸ்'. ஏன் இப்படி என்று என்னைக் கேட்டால், சவத்தை விட்டுத்தள்ளு, மனப்பாடம் பண்ணு என்பேன்.

பாளையங்கோட்டையில் பாடம் எடுத்தால் பைபிளிலிருந்து ஒரு கேள்வி வராமல் போகாது. ஒரு பையன் எழுந்து, "சார், 'ஐ' இருந்தால் 'மைசெல்ஃப்' வரணும்னு சொன்னீங்க. எங்க தாத்தா படிக்கிற பைபிள்ல 'ஐ வில் போத் லே மீ டவுன் இன் பீஸ், அண்ட் ஸ்லீப்'னு இருக்கே, 'மீ' எப்படி வந்துச்சு?" என்று கேட்டான். 1611-ல் அச்சான கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில், நான்காம் சங்கீதத்தின் எட்டாம் வசனம் அது. பையன் பிடித்தது சரியான பிடி. ஆங்கிலத்தில் ஆதியில் 'மீ', 'ஹிம்' ஆகியவையே 'செல்ஃப்'பின் வேலையையும் பார்த்துவந்தன. 'செல்ஃப்' என்பது அழுத்தத்துக்காகச் சேர்த்த சொல், நம் 'நானே'வில் வருகிற 'ஏ' மாதிரி. போகப்போகத்தான் அது கட்டாயம் ஆனது. அந்த வசனத்தில் பழைய வழக்கம் மிச்சமாக நிற்கிறது. அன்று சாயங்காலம் வீட்டில் தமிழ் வேதாகமத்தை எடுத்து அதே வசனத்தைப் பார்த்தேன். 'சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்' என்று இருந்தது. அந்த 'மீ' இருந்த இடத்தில் நம் 'கொண்டு' வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு கூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சரி, உங்கள் மெயிலுக்கு வருவோம். 'நானே', 'அவரே' என்கிற அந்த அழுத்தம் இருக்கிறதே, அது இன்றைக்கும் 'செல்ஃப்'பின் சொந்த வேலை. அண்ணாச்சிக்கு ஒரு 'செல்ஃப்' வேண்டும் என்றால் அங்கே தாராளமாகக் கொடுக்கலாம். அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பாயையும் அவரே விரித்துப் பார்க்கிறவராக இருந்தால், அதை எழுதுங்கள்: 'தி ப்ரொப்ரைட்டர் ஹிம்செல்ஃப் செக்ஸ் எவ்ரி மேட்.' இந்த 'ஹிம்செல்ஃப்'பை எடுத்துவிட்டாலும் வாக்கியம் விழாமல் நிற்கும். அழுத்தத்துக்கு வந்த 'செல்ஃப்' என்பதற்கு அதுதான் அடையாளம். வாக்கியத்தின் கடைசிக்கும் தள்ளலாம், 'ஐ பேக்ட் இட் மைசெல்ஃப்' என்பது போல. முன்னால் 'பை' சேர்த்து 'பை மைசெல்ஃப்' என்றால் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகச் செய்தேன் என்று அர்த்தம் வந்துவிடும். 'கதவு தன்னால திறந்தது' என்போமே, அது 'பை இட்செல்ஃப்'.

இன்டர்வியூவில் இனி 'ஐ ஆம்' என்றோ 'மை நேம் இஸ்' என்றோ சொல்லிப் பெயரைச் சொல்லுங்கள், போதும். 'மைசெல்ஃப்' என்று ஆரம்பிப்பது இந்தியா முழுக்கக் காதில் விழுகிற வழக்கம்தான். யாருக்கும் புரியாமல் போகாது. ஆனாலும் வேலை கொடுக்கிறவர் எதிரில் இருக்கும்போது அவருக்குச் சிரிக்க ஒரு சாக்கை நாமே ஏன் கையில் கொடுக்க வேண்டும்?

மெயிலின் கடைசி இரண்டு வரியை இப்படி மாற்றி அண்ணாச்சியிடம் காட்டுங்கள்: 'தி ப்ரொப்ரைட்டர் ஹிம்செல்ஃப் செக்ஸ் எவ்ரி மேட் பிஃபோர் இட் இஸ் பேக்ட். ஃபார் எனி டீடெய்ல்ஸ், ப்ளீஸ் காண்டாக்ட் ஹிம் ஆர் மீ.' முதல் வரியைப் படித்துவிட்டு அவர் குளிர்ந்துபோய் இரண்டாவது வரியில் இருக்கிற ஆட்டுச் சத்தத்தைக் கவனிக்காமலே விட்டாலும் விடுவார்.

அந்தக் கல்யாணப் பாய் ஆர்டரில் மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். பாயில் நெய்ய வேண்டிய இரண்டு பெயர்களையும் வாடிக்கையாளரிடம் தனியாக, எழுத்துக்கூட்டி வாங்கிக்கொள்ளுங்கள். மெயிலை அப்படியே தறிக்கு அனுப்பினால், மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய மூலையில் 'மைசெல்ஃப்' என்று நெய்துவிடப் போகிறார்கள்.